நெருப்புக்கோழி சொன்ன ஒரே காரணம்

தேயிலைத் தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் விஜயலெட்சுமி வாய் திறந்து பேசியதை யாரும் கேட்டதில்லை. பேர் கூப்பிட்டால் தலையை ஆட்டுவாள். மலை நம்பர் சொன்னால் கூடையைத் தூக்கிக்கொண்டு நடப்பாள். அவ்வளவுதான். ஆனால் பசறைப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லாம் கூடியிருக்கும் ஃபேஸ்புக் குழுவில் நெருப்புக்கோழி என்ற பெயரில் ஒருவர் எழுதுவாரே, நாலாயிரம் பேர் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரிப்பார்களே, அது சாட்சாத் இவள்தான். புருஷன் விஜேந்திரனுக்கே தெரியாது. எல்ல என்ற ஊரில் ஒரு விடுதிச் சமையலறையில் வேலை செய்யும் அந்த மனுஷன், நெருப்புக்கோழி எழுதியதையெல்லாம் எடுத்து, “இவன் என்னமா எழுதுறான் பாரு” என்று இவளுக்கே அனுப்பி வைப்பான். இவளும், “ஆமாங்க, நல்லாத்தான் எழுதுறான்” என்று பதில் போடுவாள். கொழுப்புதானே, வேறென்ன.

அந்தக் குழுவில் அவளுக்கு ஒரு பரம எதிரி உண்டு. பெயர் ஊவா சூறாவளி. தேர்தல் நேரத்தில் தோட்டத்து ஆட்களின் போன் நம்பரெல்லாம் கட்சிக்காரர்கள் கைக்கு எப்படிப் போனது என்று அவள் கேட்டால், “வீட்டுக்கு வந்து கேட்டாலும் குடுக்கத்தான் போறோம், இதுல என்ன ரகசியம்?” என்று சூறாவளி வந்து விழும். ஓசியில் கிடைக்கிற செயலிகள் நம் கதையை விற்றுத்தான் பிழைக்கின்றன என்று எழுதினால், “நம்ம கதைய யாருப்பா காசு குடுத்து வாங்குறான்?” என்று கேட்கும். சண்டை போட இப்படி ஓர் ஆள் அமைவதற்கும் கொடுத்து வைத்திருக்க வேண்டும். மத்தியானம் சிக்னல் கிடைக்கும் பாறையில் ஏறி நாலு வரி தட்டிவிட்டு வந்தாளானால், பொழுது சாயும்வரை அவள் கை தன்னால் கொழுந்து பறிக்கும்.

இந்த முறை வந்த சண்டை மட்டும் விளையாட்டில்லை. கொழுந்தெடுக்கும் பெண்கள் ஒவ்வொருவர் கழுத்திலும் பிஸ்கட் அளவில் ஒரு வட்டக் கருவியைத் தொங்கவிடப் போவதாகத் தோட்ட நிர்வாகம் அறிவித்திருந்தது. யார் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்பது நிமிஷத்துக்கு நிமிஷம் தோட்டத் துரையின் திரையிலும் கணக்கப்பிள்ளையின் போனிலும் புள்ளியாகத் தெரியுமாம். திங்கட்கிழமை மலையில் வைத்துச் செய்து காட்டுவார்கள். அங்கேயே தொழிற்சங்கத் தலைவர் அழகர் எல்லாருக்குமாகக் கையெழுத்துப் போடுவார். மறுநாள் முதல் நூற்றிருபது பெண்களுக்கும் கழுத்தில் வட்டம்.

மலையில் கக்கூஸ் கிடையாது. பெண்கள் ஒருத்திக்கொருத்தி கண்ணைக் காட்டி, காவலுக்கு ஒருத்தியை நிறுத்திவிட்டு, ஆளுயர மானாப்புல்லுக்குள் இறங்கிப் போய் வருவார்கள். அதைப் பற்றி எந்த ஆம்பளையிடமும் யாரும் பேசியதில்லை. இனிமேல் யாருடைய புள்ளி எங்கே ஒதுங்கியது, எத்தனை நிமிஷம் நின்றது என்பதையெல்லாம் கணக்கப்பிள்ளை உட்கார்ந்து பார்ப்பான். நினைக்கும்போதே லெட்சுமிக்கு உடம்பு கூசியது. சொட்டுத் தண்ணீர் குடிக்காமல்தான் மலைக்குப் போக வேண்டியிருக்கும்.

ஆனால் அதை எழுத அவளுக்குக் கை வரவில்லை. அந்தரங்கம், உரிமை என்று பொதுவாகத்தான் எழுதினாள். சூறாவளியா விடும்? “ஒழுங்கா வேலை செய்றவங்களுக்கு என்ன பயம்? கொழும்புல கடையில உக்காந்துக்கிட்டு தோட்டத்தப் பத்திப் பேசாத, தம்பி” என்று எழுதிவிட்டது. லெட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பியாம், கொழும்பாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நல்ல மழை. பாறைக்குப் போக வழியில்லை. நல்லவேளையாக அந்த வாரம்தான் புது டவர் வேலை செய்யத் தொடங்கி, லயத்து வரிசை வீடுகளுக்குள்ளேயே சிக்னல் வந்திருந்தது. லெட்சுமி முதல்முறையாகத் தன் காம்பரா அறையில் உட்கார்ந்தபடி சூறாவளிக்கு ஒரு பதிலைத் தட்டிவிட்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு போனில் டிங் என்று கோயில் மணி அடித்தது.

லயத்துச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது கூரை வரைக்கும் போகாது. ஒரு காம்பராவில் தும்மினால் அடுத்த காம்பராவில் ஆயுசு நூறு என்பார்கள். லெட்சுமி யோசித்தாள். “ம்” என்று மட்டும் எழுதி அனுப்பினாள். டிங். ஒரே ஒரு புள்ளி வைத்து அனுப்பினாள். டிங். அடக் கடவுளே. அடுத்த காம்பராவில் இருப்பது சங்கத் தலைவர் அழகர் அல்லவா? எட்டு மாதமாக இவள் வாங்கு வாங்கென்று வாங்கியது அவரையா? சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

சிரித்து ஓய்ந்ததும்தான் உறைத்தது. நாளைக்குக் கையெழுத்துப் போடப் போகிற கை இந்தச் சுவருக்குப் பின்னால்தான் இருக்கிறது.

சூறாவளி எழுதியது: “புள்ளி வச்சு விளையாடாத தம்பி. உருப்படியா ஒரே ஒரு காரணம் சொல்லு. நான் வாய மூடிக்கிறேன்.”

எழுதினாள், அழித்தாள், மறுபடியும் எழுதினாள். குழுவில் போடாமல் அவருக்கு மட்டும் தனியாக அனுப்பினாள். “மலையில கக்கூஸ் இல்ல. பொம்பளைங்க ஒதுங்கப் போறது வர்றது எல்லாம் கணக்கப்பிள்ளை போன்ல தெரியும். உங்க வீட்டு அக்கா போறதும் தெரியும்.”

டிங். மழைச் சத்தத்துக்கு நடுவே அழகரின் குரல் மெதுவாகக் கேட்டது.

“ஏ இராக்கு, மலையில நீங்கல்லாம் எங்க போவீங்க?”

“எங்க போறதுன்னா?” என்றாள் அவர் மனைவி இராக்கம்மா.

“அதான். ஒன்னுக்கு.”

“முப்பது வருசம் கழிச்சு இப்பத்தான் கேக்கத் தோணுச்சாக்கும்” என்று ஆரம்பித்த இராக்கம்மா மழை விடும்வரை நிறுத்தவில்லை. பன்னிரண்டு காம்பராவும் கேட்டது. அத்தனை வசவுக்கும் நடுவில் லெட்சுமியின் போனுக்கு ஒரு வரி வந்தது. “நீ தம்பி இல்லையா?”

“இல்லண்ணே” என்று அனுப்பினாள். மணி அடித்தது. அவளுக்கு அப்படியொரு சந்தோஷம்.

மறுநாள் பன்னிரண்டாம் நம்பர் மலையில் எல்லாரும் கூடினார்கள். கருவியைச் செய்து காட்ட பதுளையிலிருந்து நளீரா என்ற இளம் பெண் வந்திருந்தாள். தன் கழுத்தில் ஒன்றை மாட்டிக்கொண்டு மேலும் கீழும் நடந்தாள். துரையின் கையிலிருந்த திரையில் அவளுடைய புள்ளியும் கூடவே நடந்தது. கணக்கப்பிள்ளை வாயெல்லாம் பல்லாக எட்டிப் பார்த்தான்.

துரை தாளை நீட்டினார். அழகர் பேனாவைத் திறந்தார், அப்படியே நின்றார். “ஒரு பிரச்சனை இருக்குங்க, தொர.”

“என்ன பிரச்சனை?”

“அது வந்துங்க, பொம்பளைங்க... இந்த மலையில... தண்ணி குடிச்சா...” அதற்குமேல் வரவில்லை. மேடை மேடையாக முழங்கிய மனுஷனுக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டது. துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பரவாயில்ல, அதெல்லாம் பிறகு பேசுவோம். இப்ப கையெழுத்தப் போடுங்க” என்றார். பேனா தாளுக்கு இறங்கியது.

இங்கே லெட்சுமி ஒளிந்து நின்று பேச ஒரு பெயரும் கிடையாது. கூடையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

“மலையில கக்கூஸ் இல்லங்க, தொர. நாங்க புல்லுக்குள்ளதான் ஒதுங்குறோம். அது எங்கன்னு யாரும் பாக்கக் கூடாது. இத நாங்க போட மாட்டோம்.”

தன் குரல் இவ்வளவு தூரம் கேட்கும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. “ஆமாங்க” என்றாள் இராக்கம்மா. “ஆமாங்க, ஆமாங்க” என்று நிரை நிரையாக எழுந்தது.

துரை தொண்டையைச் செருமினார். “அதெல்லாம் யார் பாக்கப் போறாங்க? அது சும்மா ஒரு புள்ளிதானே. மிஸ், நீங்க சொல்லுங்க.”

கொஞ்ச நேரமாகவே நளீரா கால் மாற்றி மாற்றித்தான் நின்றுகொண்டிருந்தாள். லெட்சுமியின் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில், “அக்கா, விடிய அஞ்சு மணிக்கு வேன் ஏறினது. எந்தப் பக்கம் போகணும்?” என்று கேட்டாள்.

லெட்சுமி கண்ணைக் காட்டினாள். இராக்கம்மா காவலுக்குக் கிளம்பினாள். நளீரா இரண்டடி எடுத்து வைத்தவள் நின்றாள். திரையைப் பார்த்தாள், அதைச் சுற்றி நின்ற ஆம்பளைகளைப் பார்த்தாள். திரும்பி வந்து, கழுத்திலிருந்த வட்டத்தைக் கழற்றித் துரையின் கையில் வைத்துவிட்டு, மானாப்புல்லைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள்.

நூற்றிருபது பெண்களும் சிரித்த சிரிப்பு அடுத்த மலை வரைக்கும் போயிருக்கும். அழகர் தாளை மடித்துத் துரையிடமே கொடுத்துவிட்டு, பேனாவை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.