சாயம் தொடாத வாத்தியார்

2002இல் சேவூர் கமலக்கண்ணனின் பட்டுச் சாயப்பட்டறைக்குச் சென்னையிலிருந்து திலகவதி என்ற ஆராய்ச்சி மாணவி வந்தாள். சாயம் போடுகிறவர்களின் ஈரல் என்சைம் ஏறியிருக்கிறதா, செல்லுக்குள் மரபணு இழை அறுந்திருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்க வேண்டுமாம். இழை அறுந்துகொண்டே போனால் பிற்பாடு புற்றுநோய் வரலாம் என்றாள்.

"இழை அறுந்தா முடிச்சுப் போடற ஊரும்மா இது, தாராளமா பாரு" என்று கமலக்கண்ணன் பெருந்தன்மையோடு அனுமதித்தார்.

சாயம் போடும் தருமனும் கூட்டாளிகளும் கையை நீட்டினார்கள். ஒப்பிட்டுப் பார்க்கச் சாயம் தொடாத ஆட்களும் தேவைப்பட்டார்கள். அவர்களையும் அதே தெருவில் கமலக்கண்ணனே பிடித்துக் கொடுத்தார். முதல் ஆள், பட்டறைக்குப் பின்வீட்டுத் தாவீது வாத்தியார். பீடி கிடையாது, சாராயம் கிடையாது. சர்ச்சில் குடிக்கு எதிராகப் பேசுகிறவர்.

முடிவு வந்தது. தருமனுக்கு என்சைம் ஏறியிருந்தது, இழையும் அறுந்திருந்தது. வாத்தியாருக்கும் அப்படியே. இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. அப்படியானால் சாயத்தால் கெடுதலே இல்லை! விஞ்ஞானம் கமலக்கண்ணனுக்கு அவ்வளவு ஜல்தியாகப் புரிந்தது. பட்டறையில் எல்லாருக்கும் கேசரி கொடுத்தார். நல்ல நிறமான கேசரி.

வாத்தியார் பாடுதான் பேஜார். அவர் ஈரல் கெட்ட சேதி அவருக்கு முன்னால் சர்ச்சுக்குப் போய்ச் சேர்ந்தது. நாலு பேர் வந்து மண்டியிட்டு ஜெபித்தார்கள். மனைவி ஜெபராணி பீரோவுக்குப் பின்னால் பாட்டில் தேடினாள்.

மனசு கேட்காமல் திலகவதி மறுபடி வந்தாள்.

"சார், மறைக்காம சொல்லுங்க. குடிப்பீங்களா?"

"தண்ணிதாம்மா குடிப்பேன்."

"எந்தத் தண்ணி?"

வாத்தியார் கொல்லைக் கிணற்றில் ஒரு வாளி இறைத்துக் காட்டினார். இளஞ்சிவப்பாக இருந்தது.

"முகூர்த்த மாசத்துல இப்படித்தான் வரும். ஆடியில தெளிஞ்சிடும்."

"இத மொதல்லியே சொல்லக் கூடாதா சார்?"

"சாயம் தொடுவீங்களான்னுதானே கேட்ட? சாயத்தைக் குடிப்பீங்களான்னு கேக்கலியேம்மா."

திலகவதி சந்தவாசல் பக்கம் போய், சாயத்தண்ணீர் எட்டாத ஆட்களிடம் ரத்தம் எடுத்து ஒப்பிட்டாள். அவர்களுக்கு என்சைமும் ஏறவில்லை, இழையும் அறவில்லை; சேவூரின் இரண்டு கூட்டமும் சேர்ந்தே மாட்டிக்கொண்டது.

"அந்த ஊரு காத்து வேற" என்றார் கமலக்கண்ணன்.

பாட்டில் தேடிய வெட்கமோ என்னவோ, ஜெபராணி தெருப் பெண்களைத் திரட்டிப் போய்ப் பட்டறை வாசலில் குடம் குடமாகச் சிவப்புத் தண்ணீரைக் கொட்டினாள். வந்த வியாபாரிகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். அதன் பிறகுதான் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. கமலக்கண்ணன் அதைத் திறந்துவைத்துப் பொன்னாடை போர்த்திக்கொண்டார்.

அடுத்த வருஷம் வாத்தியாருக்கு என்சைம் இறங்கியது. தருமனுக்கு இறங்கவில்லை.

"ஒங்களுக்குத் தண்ணிய மாத்தினா போதும் சார். நான் கையை இல்ல மாத்தணும்?" என்று தருமன் சிரித்தான். முழங்கைவரை மஞ்சள்.

வாத்தியாருக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் அலைந்து, கெஞ்சி, தருமனுக்கு வாட்ச்மேன் வேலை வாங்கிக் கொடுத்தார்.

கமலக்கண்ணனும் சும்மா இருக்கவில்லை. மறுநாள் காலையிலேயே சாயத்தொட்டிக்கு வேறு ஆள் போட்டார். புது ஆளுக்கு ஈரல் நன்றாகவே இருந்தது.