கம்பளிக்குள் விசில்

மாதேஸ்வரிக்கு இன்னொரு முறை மூச்சு இழுத்தால் ஆட்டுக்குட்டி கறுப்பியை விற்றுவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். ஆட்டு முடிதான் பிள்ளைக்கு ஆகவில்லை என்று பாப்பிரெட்டிப்பட்டியில் தெருவே சொன்னது. ஆட்டு வியாபாரி நஞ்சப்பன் இரண்டு முறை வந்து அதன் விலாவைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். கறுப்பி தாயில்லாத குட்டி. மாதேஸ்வரிதான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள்.

விடியும் நேரத்தில்தான் அவள் நெஞ்சுக்குள் விசில் கேட்கும். வெளியே தெரியாமலிருக்க அப்பாவின் பழைய கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொள்வாள். மூடிய கொஞ்ச நேரத்தில் விசில் கூடும். இன்னும் இறுக்கி மூடுவாள்.

"ஏன் கண்ணு, மொகம் வீங்கிக் கெடக்குது? இழுத்துச்சா?" என்று அம்மா மணிமேகலை கேட்பாள்.

"இல்லம்மா. தூங்குனேன்."

"ஒரு வார்த்தைக்கு மூணு மூச்சு வாங்கறா. தூங்குனாளாம்!"

ஒரு சனிக்கிழமை காலை அம்மா கம்பளியை விலக்கியபோது அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. அப்பா பிரபாகர் வண்டியை எடுத்தார். ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து மருந்துப்புகை கொடுத்தார்கள். மூச்சு வந்ததும் அவள் கேட்ட முதல் வார்த்தை, "கறுப்பி?"

"இன்னிக்கே நஞ்சப்பனக் கூப்புடறேன்" என்றார் அப்பா.

"அவசரப்படாதீங்க" என்றார் டாக்டர். "நல்லானதும் கூட்டிட்டு வாங்க. எது ஒத்துக்கலன்னு தோல்ல குத்திப் பாத்துடலாம்."

சேதி கேட்டு நஞ்சப்பன் சிரித்தார். "பாத்துட்டே வாங்க. ஆடு எங்க போவப்போவுது, நம்ம வண்டியிலதானே."

டெஸ்ட் நாளில் டாக்டர் அவள் முன்கையில் பேனாவால் குறியிட்டு, சொட்டுச் சொட்டாக மருந்து வைத்து, ஒவ்வொன்றிலும் ஊசிமுனையால் குத்தினார்.

"இதுல ஆடு எதுங்க டாக்டர்?"

"கைய ஆட்டாத. சொறியாத."

உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஓர் இடம் அரித்தது. சிவந்தது. கொசுக்கடிபோல் தடித்து, அதற்கும் மேல் பெரிதானது. மாதேஸ்வரி மறு கையால் அதை மூடிக்கொண்டாள்.

டாக்டர் வந்து கையை விலக்கினார்.

"இது ஆடில்ல பாப்பா. ஆடு இதோ, ஒண்ணுமே இல்ல. இது தூசிப்பூச்சி. கம்பளி, தலகாணில இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதோட எச்சம் மூச்சுக்குழாய்க்குள்ள போனா, அங்க சுவர் மாதிரி இருக்கற செல்லுங்க ஆபத்துன்னு கத்தி ஆள் கூப்புடும். கூட்டம் கூடி, குழாய் வீங்கி, வழி அடச்சுக்கும்."

பிறகு பக்கத்தில் நின்ற அம்மாவையும் அப்பாவையும் பார்த்தார். "வீட்ல பழைய கம்பளி இருக்குதா?"

அம்மா தலையாட்டினாள். "தல தெரியாம மூடிக்குவா டாக்டர்."

"அப்படி மூடலாமா? ஏன் பாப்பா?"

மாதேஸ்வரி தரையைப் பார்த்தாள்.

"விசில் அப்பாவுக்குக் கேக்கக் கூடாதுன்னு."

அப்பாவின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். நஞ்சப்பன். அடித்து ஓயும்வரை அதைக் கையிலேயே வைத்திருந்தார்.