புதுச் சிவப்பு

மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் காரின் முன்மட்கார்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் பிச்சம்மாள். தேய்த்தாள் என்பதைவிட அடித்தாள் என்றே சொல்லலாம். நேற்றுச் சாயங்காலம்தான் பட்டறையிலிருந்து திரும்பி வந்த வண்டி. பெயிண்ட் இன்னும் முழுசாக இறுகவில்லை. சிவப்பு அவள் விரலில் ஒட்டியது, முந்தானையில் ஒட்டியது. அடியில் இருந்த பழைய பச்சை மட்டும் வருவேனா என்றது. சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு தெரிந்தது, அதற்கும் கீழே வெறும் தகரம்.

"பச்சை வராதுக்கா," என்றான் பின்னால் நின்ற தம்பி சங்கரராமன். "உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு எடுத்துட்டுதான் அடிச்சிருக்காங்க. இல்லாட்டா புது பெயிண்ட் பிடிக்காதாம்."

"வாய மூடுல. இன்னொரு வார்த்தை பேசினே, இந்த மண்ணெண்ணெய உந்தலையில ஊத்திருவேன்."

நாற்பத்தைந்து வயதில் இப்படிப் பேசுவாள் என்று அவளே நினைத்ததில்லை. மெட்ராசில் உத்தியோகம் பார்க்கிற தம்பி, அப்பாவுக்கு முடியவில்லை என்று தந்தி அடித்ததும் வந்துவிட்டானே என்று ஐந்து நாளாக உருகிக்கொண்டிருந்தவள்தான். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும் என்று அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனபோதுகூட, பரவாயில்லை, பொறுப்பு வந்திருக்கிறது என்று நினைத்தாள். பொறுப்பு வந்த லட்சணத்தைக் காலையில் கொட்டகையைத் திறந்தபோதுதான் பார்த்தாள்.

அப்பா ஞானசம்பந்தம் சங்கரன்கோவிலில் முப்பது வருஷம் டாக்டர். கூரையில்லாமல், இரண்டே பேர் உட்காருகிற மாதிரி, சீமையிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய பந்தயக் கார் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் தூத்துக்குடியில் போய்ப் புதுசாக எடுத்து வந்தார். அன்றைக்கு அடித்திருந்த பச்சைதான் இருபத்தைந்து வருஷமும். வெயில் தின்றது போக மிச்சத்தை வேட்டித் துணியால் துடைத்தே காப்பாற்றி வைத்திருந்தார். குருவிகுளத்துக்குப் பிரசவம் பார்க்கப் போனபோது கருவேல முள் கிழித்த கோடு, வாசுதேவநல்லூர் சந்தையில் மாட்டு வண்டி இடித்த பள்ளம், எதையும் ஒக்கிட்டுச் சரிபண்ண விடமாட்டார். ஓட்டும்போது கதவின் மேல் முழங்கையை ஊன்றிக்கொள்வது பழக்கம். அந்த இடத்தில் பச்சை முழுக்கத் தேய்ந்து, முழங்கை அளவுக்கு ஒரு குழிவு விழுந்திருந்தது. துருப்பிடிக்காமல் தினமும் அதற்கு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய்.

இரண்டு வருஷமாகக் கண் தெரியவில்லை. அப்படியும் காலையில் எழுந்ததும் பிச்சம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குப் போய் வண்டியைத் தடவித் துடைத்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார். படுக்கையில் விழுந்த இந்த ஒரு மாதம்தான் அது நின்றுபோயிருந்தது.

"பட்டறை ஹுசைன் அண்ணாச்சி எப்படில ஒத்துக்கிட்டாரு? நாலு வருசத்துக்கு முன்ன அவரு பெயிண்ட் அடிக்கட்டுமான்னு கேட்டதுக்கு அப்பா என்ன சொன்னாவ? 'பெயிண்ட் கடையில கிடைக்கும் வே, இருபது வருச வெயில எந்தக் கடையில வாங்குவீரு'ன்னு சொல்லலியா?"

"டாக்டர் சம்மதிச்சாரான்னு மூணு தடவ கேட்டாரு. ஆமான்னு சொல்லிட்டேன்." சங்கரராமன் தலையைக் குனிந்துகொண்டான். "சின்னப்புள்ளயிலேர்ந்து இந்த வண்டிய வச்சி எல்லாரும் என்னயக் கேலி பண்ணுவாங்கக்கா. தகரடப்பா டாக்டர் மவன்னு. நாளைக்குத் துட்டிக்கு நாலு ஊர்லேர்ந்து ஆள் வரும். அப்பாவுக்கு ஒரு மதிப்பா இருக்கட்டுமேன்னு..."

உள்ளே மூச்சு ஓடிக்கொண்டிருக்கிற மனுஷனுக்கு இவன் இழவுக் கூட்டம் சேர்த்துவிட்டான். பிச்சம்மாள் துணியைத் தூக்கி அவன் மேல் எறிந்தாள். அது அவன் வெள்ளைச் சட்டையில் பட்டுச் சிவப்பாக ஒட்டி, கீழே விழுந்தது.

"ஏட்டி பிச்சு!" உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. மூன்று நாளாக இல்லாத தெளிவு. "என்னய வண்டிகிட்ட கொண்டு போங்க."

சங்கரராமனின் முகம் செத்துவிட்டது. "வேண்டாம்னு சொல்லுக்கா. டாக்டர் அசையக் கூடாதுன்னு சொன்னார்னு சொல்லு."

"அவரே டாக்டர்ல. வண்டிய முற்றத்துல கொண்டாந்து நிறுத்து. நீ பண்ணுன காரியத்த உங்கையாலயே தொட்டுக் காட்டு."

எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று அவள் முடிவு பண்ணிவிட்டாள். ஏன் மறைக்க வேண்டும்? இவனுக்காகவா?

அவன் வண்டியை உருட்டி வந்தான். சாய்வு நாற்காலியோடு அப்பாவை இரண்டு பேருமாகத் தூக்கி வந்து கதவோரம் வைத்தார்கள். எடை இருந்தால்தானே கனக்கும். அவர் மூக்கைச் சுளித்தார். கையை நீட்டிக் கதவைத் தொட்டார். விரல்கள் வழக்கமான இடத்துக்குப் போயின. அங்கே குழிவு இல்லை. பட்டி வைத்து நிரவி, கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. முழங்கையைத் தூக்கி வைத்துப் பார்த்தார். வழுக்கி இறங்கியது. மறுபடி வைத்தார், மறுபடி வழுக்கியது.

"இது யாரு வண்டிட்டி?"

பிச்சம்மாள் தம்பியைப் பார்த்தாள். சொல்ல நினைத்ததெல்லாம் அவள் தொண்டைவரை வந்தது. அப்பாவின் கை இன்னும் கதவில் எதையோ தேடிக்கொண்டிருந்தது.

"தம்பி வண்டிப்பா," என்றாள். "மெட்ராஸ்லேர்ந்து ஓட்டிட்டு வந்திருக்கான். புதுசு."

"அதானே பாத்தேன், பெயிண்ட் வாடை அடிக்குதேன்னு." அவர் முகம் மலர்ந்தது. "ஏலே, வண்டி வாங்குனத ஒரு வார்த்தை சொல்லலியே. நல்லாருக்குல. நம்ம வண்டி எங்க?"

"கொட்டகைலதான் இருக்குப்பா."

"ஒட்டி நிறுத்திராதல சங்கரா. கதவத் திறக்கையில நம்ம வண்டியில உரசிரும். தள்ளி நிறுத்து, என்ன?"

"சரிப்பா," என்றான் அவன்.

"வெயில் தாழ நம்ம வண்டிகிட்ட போவோம்ட்டி," என்று சொல்லிவிட்டு உள்ளே கொண்டுபோகச் சொன்னார். பதினோரு மணிக்கு இரண்டு கரண்டி பால் குடித்தார். மூன்றாவது கரண்டி கடைவாயில் வழிந்துவிட்டது.

மத்தியானத்துக்குள் சுற்றுப்பட்டிலிருந்து பஸ்ஸிலும் வண்டியிலும் ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள். முற்றத்தில் நின்ற காரைச் சுற்றி ஒரு கூட்டம்.

"டாக்டர் வண்டியா வே இது? மாப்பிள்ளை கணக்கால்லா இருக்கு! பாடைக்கு முன்னால ஓட்டிட்டுப் போனா ராஜா போற மாதிரி இருக்கும்," என்றார் ஒரு பெரியவர்.

பெண்கள் நடுவில் உட்கார்ந்திருந்த பிச்சம்மாளுக்கு அது காதில் விழுந்தது. ஒப்பாரியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். இப்போது இவன் ஆமாம் என்று பல்லைக் காட்டட்டும், அத்தனை பேர் முன்னாலும் கிழித்துவிடுகிறேன் என்று காத்திருந்தாள்.

"இது எங்கப்பா வண்டி இல்ல அண்ணாச்சி," என்றான் சங்கரராமன்.

தண்ணீர் எடுத்துவர நீர்மாலைக்குப் போன ஆட்கள் திரும்பும் நேரம். குளிப்பாட்ட பெஞ்சு போட வேண்டிய இடத்தில் கார் நின்றது. சங்கரராமன் அதன் முதுகில் கையை வைத்துத் தள்ளினான். வண்டி அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினான். உதவிக்கு வந்த இரண்டு பேரைத் தலையாட்டி விலக்கிவிட்டுத் திரும்பவும் தனியாகவே தள்ளினான். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது. அது அவன் புத்தியில் ஏறவே இல்லை.

பிச்சம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கோபம் தீரவில்லை. தீரவும் வேண்டாம் என்றுதான் இருந்தது. பிறகு எழுந்து, தலையை அள்ளி முடிந்துகொண்டு, கூட்டத்தை விலக்கி நடந்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல் காருக்குள் கையை விட்டுப் பிரேக்கை விடுவித்தாள். திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

வண்டி உருண்டது. கொட்டகைக்குள் விடாமல் அதன் வாசலைத் தாண்டி, மதில் ஓரம்வரை கொண்டுபோய் நிறுத்தினான். நிறுத்தியவன் திரும்பிக் காலியாகக் கிடந்த கொட்டகையைப் பார்த்தான். என்ன நினைத்தானோ, குனிந்து இன்னும் ஒரு முழம் தள்ளினான்.