நாற்பத்துமூன்று அப்பளம்

2022 ஜூலையில், மழை விடாத ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தாராவியில் சைனப்பின் தோல்பைப் பட்டறைப் பரணிலிருந்து நாற்பத்துமூன்று புள்ளிமான்கள் ஏணி வழியாக ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. அந்த வாரம் தக்காளி கிலோ அறுபது ரூபாய். மான்கள் யாரையும் முட்டவில்லை. ஏணியில் ஒரு படி மட்டும் உடைந்தது, அதைச் சைனப் மதியத்துக்குள் ஆணியடித்துச் சரிசெய்துவிட்டாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்த டெம்போ டிரைவர் கரீம் பாட்சா, போகிற போக்கில் ஒரு மானின் முதுகைச் செல்லமாகத் தட்டினார். அது பொசுக்கென்று பதனிட்ட தோலாகித் தரையில் விரிந்துவிட்டது. ரத்தம் இல்லை, வாடை இல்லை. மற்ற கிழமைகளில் தொட்டால் வாலை ஆட்டிவிட்டுப் போய்விடும், வெள்ளிக்கிழமை தொட்டால் தோல் என்பது இரண்டே வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துபோனது.

சந்துக்காரர்கள் கூடிப் பேசி, குழாயடியிலிருந்து பள்ளிவாசல் முனைவரை வேட்டைப் பகுதி, நேரம் இரண்டு முதல் நான்கு என்று முடிவு செய்தார்கள். அதன்பிறகு வெள்ளிக்கிழமை மதியம் அந்தச் சந்தைப் பார்த்திருக்க வேண்டும். பேரன் பேத்தி எடுத்தவர்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தகரக் கூரை தகரக் கூரையாகத் தாவினார்கள். மான்களும் அப்படியொன்றும் பயப்படவில்லை, இட்லிக் கடை வாசலில் வரிசையில் நின்று தொடுவதற்கு முதுகைக் காட்டாத குறைதான். வாரத்துக்கு ஆறு தோல் கிடைத்தது, அந்தக் குறையைப் புதுக்குட்டிகள் வந்து நிரப்பின. எல்லாம் சைனப்பின் பட்டறைக்குத்தான் வந்தது. அங்கே தையல் மிஷின் மிதித்த ஆறு பெண்களின் வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

நஷ்டம் ஒருத்திக்கு மட்டும். சந்து நெடுகக் கூடைகளைக் கவிழ்த்து அப்பளம் காயவைக்கும் முப்பிடாதியம்மாளுக்கு. ஒரு மான் ஒரு நாளைக்கு ஒரு அப்பளம் தின்னும், இரண்டாவதைத் தொடாது. சாயங்காலம் எண்ணினால் நாற்பத்துமூன்று குறையும். மூன்று நாள் வாயாரத் திட்டிவிட்டு, நாலாம் நாளிலிருந்து நாற்பத்துமூன்று கூடுதலாக உருட்டினாள்.

ஜனவரியில் காட்கோபர் பக்கமிருந்து ஒரு சிறுத்தை நடந்து வந்து சைனப்பின் கூரையில் படுத்துக்கொண்டது. மனிதர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வாரம் ஒரு மானை, அதுவும் நொண்டியையோ சீக்காளியையோ, கவ்விக்கொண்டு போகும். வெள்ளிக்கிழமைகளில் ஆண்கள் வியர்க்க விறுவிறுக்க ஓடினார்கள், ஒரு தோல் கிடைத்தால் அதிர்ஷ்டம். நாலு வாரம் வெறுங்கையோடு திரும்பியதும் அவ்வளவு மானையும் சிறுத்தை விழுங்கிவிட்டது என்று தீர்ப்புச் சொன்னார்கள். சைனப்பும் தலையாட்டினாள். கண்ணால் பார்க்காத எதையும் நம்புகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

“ஏளா சைனப்பு, நேத்தும் நாப்பத்திமூணு அப்பளம் கொறஞ்சிருக்கு,” என்றாள் முப்பிடாதியம்மாள். “மான் எங்கயும் போவல. குட்டி போட்டு ஈடு கட்டிட்டுதான் இருக்கு. பயந்து ஒளிஞ்சு கெடக்கு, அம்புட்டுதான்.”

“அப்பளத்த எலி தின்னுருக்கும், யக்கா. நாலு வாரமா ஒரு மானக்கூட நான் பாக்கல.”

சைனப் சொன்னதன்பேரில் கரீம் பாட்சா இரண்டு கோழியைக் காட்ட, சிறுத்தை புதுப்பெண் மாதிரி தலைகுனிந்து டெம்போவில் ஏறியது. தாணே மலையடிவாரத்தில் இறக்கிவிட்டு வந்தார். மறுநாளே மான்கள் பரணிலிருந்தும் கூரைச் சந்துகளிலிருந்தும் கும்பல் கும்பலாக வெளியே வந்தன. சந்துக்குத் தலைகால் புரியவில்லை. வாரம் பன்னிரண்டு தோல், பதினைந்து தோல். திலக் நகர் வியாபாரி ஒருவருக்கு முந்நூறு பை தருவதாகச் சைனப் வாக்குக் கொடுத்தாள்.

ஆனால் மான்கள் பெருகின பெருக்கம் கொஞ்சநஞ்சமல்ல. 2024 மழைக்காலத்துக்குள் அப்பளம் நூறு குறைந்தது, பிறகு இருநூறு, பிறகு நானூறு. முப்பிடாதியம்மாள் கூடைகளைத் தூக்கி ஆணியில் மாட்டிவிட்டாள். அப்பளம் இல்லாமல்போன மான்கள் தேர்தல் சுவரொட்டிகளைத் தின்றன, நீலத் தார்ப்பாயைத் தின்றன, ஒரு கல்யாண வீட்டில் பத்திரிகைக் கட்டையே தின்றுவிட்டதால் அந்தக் கல்யாணத்துக்கு எட்டு பேர்தான் வந்தார்கள். விலா எலும்பு தெரிய, நடக்கவே சீவனில்லாமல் நின்றன. ஒரு வெள்ளிக்கிழமை சைனப் புதுத் தோலைத் தோல்காரர்கள் வழக்கப்படி வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். உண்ணி கடித்த துளை வழியாக வெளிச்சம் இடியாப்பத் தட்டில் வருவதுபோல் வந்தது. முந்நூறு பையும் திரும்பி வந்தன, போட்ட சில்லறை நிற்காமல் கீழே விழுந்தது என்று. மிஷின்கள் நின்றன. ஆறு பெண்களும் வீட்டுக்குப் போன அன்று சைனப் முப்பிடாதியம்மாள் வாசலில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

“நீங்க அன்னைக்கே சொன்னிய யக்கா. நாந்தான் கேக்கல.”

“கேட்டுருந்தா நீ சைனப்பே இல்லளா. கண்ணத் தொடச்சிட்டு தாணேக்குப் போ. வரும்போது ரெண்டு டிக்கெட்டா எடு.”

சைனப் போனாள். மலையடிவாரத்தில் நின்று, தப்பு என் பேரில்தான் என்று உரக்கச் சொன்னாள். மூன்றாம் தடவை சொன்னபோது சிறுத்தை புதரை விலக்கிக்கொண்டு வந்தது. பதினோரு மணி ஸ்லோ வண்டியில், லேடீஸ் பெட்டியில், நல்ல கூட்டம். “தோடா சரக்கோ,” கொஞ்சம் நகருங்க என்று ஜன்னலோரத்து அம்மாள் சொல்ல, மூன்று பேர் இருக்கையில் இருந்த மூவரும் ஒடுங்கி நாலாவது இடம் கொடுத்தார்கள். எல்லோரையும் போலவே சிறுத்தையும் பாதி உடம்பு இருக்கைக்கு வெளியே தொங்க உட்கார்ந்து வந்து, தாராவிக்குப் பக்கத்துச் சயானில் இறங்கியது.

முதலில் சீக்காளி மான்கள் போயின. மற்றவை ஓடக் கற்றுக்கொண்டன, ஓடியதில் உடம்பு தேறின. பொங்கலுக்குள் கூடைகள் சந்துக்குத் திரும்பின. இப்போது வெள்ளிக்கிழமை ஒரு தோல் கிடைப்பதே பெரிய காரியம், ஆனால் வெயிலில் பிடித்தால் ஒரு பொட்டு வெளிச்சம் வராது. திலக் நகர்காரர் குறைவாக இருந்தாலும் இதையே கொடுங்கள் என்கிறார். ஆறு மிஷினும் ஓடுகின்றன. கரீம் பாட்சா மட்டும் சைனப்பிடம், மானெல்லாம் தீர்ந்துபோச்சு லாத்தா என்று இன்றும் புலம்புகிறார்.

தினமும் காலையில் பட்டறையைத் திறந்ததும் சைனப் ஒருமுறை எட்டிப் பார்ப்பாள். சந்தில் ஒரு மானும் இருக்காது. கூரைமேல் சிறுத்தை ஒருக்களித்துப் படுத்திருக்கும்.

“யக்கா, நேத்து எத்தன?”

“நாப்பத்திமூணு.”

“சரி,” என்று சொல்லிவிட்டுச் சைனப் மிஷினில் உட்காருவாள்.