ஹோட்டலே போதும்

மகள் கைபேசியில் அனுப்பியிருந்த இரண்டு படங்களையும் ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மாஸ்டர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று, ரயில் நிலையத்துக்கு எதிரே ஒன்பது மாடி ஹோட்டல். வெள்ளை விரிப்பு, சுவரகலத்துக்குக் கண்ணாடிச் சன்னல், கட்டிலருகே தொலைபேசி. இன்னொன்று, வயதான தம்பதி தங்கள் வீட்டு மாடியறையை வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் இடம். காலைச் சாப்பாடு அவர்களோடு, அவர்களுடைய சமையலறை மேசையிலேயே. "அதுக்கு ஹோம்ஸ்டேன்னு பேருப்பா" என்று மகள் விளக்கியிருந்தாள். எது வேண்டும் என்று மாலைக்குள் சொல்லிவிட்டால் பதிவு செய்துவிடுவாள்.

டிரைவிங் ஸ்கூலில் இருபத்தாறு வருஷமாகக் கற்றுக்கொடுப்பதால் அவர் ஊருக்கே மாஸ்டர். நாளெல்லாம் வண்டிக்குள் உட்கார்ந்து பேசிப் பேசி, வீட்டுக்கு வந்த பிறகும் பேச்சுக்கு பிரேக் பிடிக்கத் தெரியாதவர். மகள் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் அவருடைய குரல் மட்டும்தான் சுற்றிச் சுற்றி வந்தது. அதனால்தான் இந்தப் பயணமே. நான்கு நாள், பெரிய நகரம், அவரும் மனைவியும் மட்டும். கல்யாணமான புதிதில் போவதாகச் சொல்லி, போகாமலே விட்ட ஊர்.

"ஹோட்டலே போதுங்க" என்றாள் அவர் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

"ஹோட்டல்ல போய் என்ன பண்றது? லிஃப்ட்டோடதான் பேசணும். இந்த வீடுன்னா நாலு மனுஷங்களோட பேசிச் சிரிச்சுச் சாப்பிடலாம். ஊரைப் பத்தி அவங்களுக்குத் தெரியாததா?"

"அடுத்தவங்க வீட்டுக் குளியலறையெல்லாம் எனக்குச் சரிப்படாது. அவங்க எழுந்திரிக்கிற நேரத்துக்கு நாம எழுந்திரிக்கணும்."

"நீதான் அஞ்சு மணிக்கே எழுந்திரிக்கிற ஆளாச்சே!"

குளியலறையும் நேரமும் சாக்குதான். உண்மையான காரணம் அவள் காது.

அவள் தபால் நிலையத்தில் கவுண்டர் எழுத்தர். அங்கே காது இல்லாமலேயே ஓரளவுக்குச் சமாளித்துவிடலாம். வருகிறவர்கள் உறையை நீட்டுவார்கள், படிவத்தை நீட்டுவார்கள்; கையைப் பார்த்தால் காரியம் புரிந்துவிடும். புரியாத இடத்தில், "இதுல எழுதிக் குடுங்க" என்று ஒரு தாளை நகர்த்திவிடுவாள். எட்டு மாதத்துக்கு முன்னால் மதிய இடைவேளையில் யாரிடமும் சொல்லாமல் காது மருத்துவரிடம் போனாள். ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கேட்காதபோதும் குத்துமதிப்பாக நாலைந்து முறை அழுத்திப் பார்த்தாள். மருத்துவர் சிரித்தார். பிறகு சிரிக்காமல், இரண்டு பக்கமும் நரம்பு பாதிக்குமேல் போய்விட்டது, கருவி வைக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று சொன்னார். அவள் தள்ளிப்போட்டாள்.

வயதாவதில் அவளுக்குப் பயமில்லை. பயம் அக்காவை நினைத்து. அக்காவுக்கும் ஐம்பதைத் தாண்டியதும் காது போனது. ஆரம்பத்தில் எல்லோரும் சத்தமாகப் பேசினார்கள். பிறகு சுருக்கமாகப் பேசினார்கள். பிறகு, கூட்டமாகச் சிரித்துக்கொண்டிருக்கும்போது அக்கா, "என்ன? என்ன சொன்னீங்க?" என்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள், யாராவது ஒருவர், "ஒண்ணுமில்ல" என்று கையை ஆட்டிவிடுவார். அப்படி அதிகம் கையாட்டியது தான்தான் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். இப்போது அக்கா மகன் வீட்டில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, யார் எதைச் சொன்னாலும் சிரிக்கிறாள். யாரும் எதையும் சொல்வதில்லை.

ஹோட்டல் என்றால் சாவியை வாங்கிக்கொண்டு மேலே போய்விடலாம். யாரும் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்க மாட்டார்கள்.

மாஸ்டர் கைபேசியை வைத்துவிட்டு அவளுக்கு நேரே வந்து நின்றார். அதனால் அடுத்து அவர் சொன்னது ஒரு எழுத்து விடாமல் அவளுக்குக் கேட்டது. "உனக்கு இப்பல்லாம் மனுஷங்களே ஆகறதில்ல. என்னையும் சேத்துத்தான் சொல்றேன். கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கறதில்ல. ஒண்ணு கேட்டா ஒண்ணு சொல்ற. நான் என்ன தப்புப் பண்ணேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன்."

மடித்த துணியையே அவள் பிரித்து மறுபடி மடித்தாள்.

"சரி, அந்த வீட்டையே போடச் சொல்லுங்க" என்றாள்.

ரயிலில் ஆறு மணி நேரம். மாஸ்டருக்கு எதிரே பார்த்துக்கொண்டே பேசித்தான் பழக்கம். பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்தால் வண்டி மரத்தில் ஏறிவிடும் என்பார். சன்னலைப் பார்த்தபடியே பாலம், ஆறு, தொழிற்சாலைப் புகைபோக்கி என்று எதையெதையோ சொல்லிக்கொண்டு வந்தார். அவள் அவருடைய தோள் அசைவதை வைத்து நடுநடுவே "ம்" போட்டாள். ஒரு தடவை அந்த "ம்" தப்பான இடத்தில் விழுந்திருக்க வேண்டும். அவர் பாதியில் நிறுத்தி, பெருமூச்சு விட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்காரர் வாசலிலேயே காத்திருந்தார். உயரமான மனிதர், மேலுதட்டை முழுக்க மூடிய நரைமீசை. அதற்குள்ளிருந்து வார்த்தை வெளியே வருவதே அவளுக்குத் தெரியவில்லை. மாஸ்டர் சிரித்தபோது சிரித்தாள், அவர் தலையாட்டியபோது தலையாட்டினாள். வீட்டுக்கார அம்மாள் சின்ன உருவம். அதிர்ந்து பேசாதவள். மாடியறையைத் திறந்துவிட்டு, சன்னல் கொக்கியை எப்படிப் போடுவது என்று கையாலேயே காட்டினாள். அந்தக் கைகளுக்கு அவள் மனசுக்குள் நன்றி சொன்னாள். அறை சுத்தமாக இருந்தது. ஓர் அலமாரி, எழுதும் மேசை, அதன் விளிம்பில் பேனாக்கத்தியால் கீறிய கோடுகள். விருந்தாளிகளுக்காகப் போட்ட அறை மாதிரி இல்லை அது. யாரோ ரொம்ப நாள் இருந்த அறை.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சமையலறை மேசையில் ரொட்டி, முட்டை, நறுக்கிய பழம். வீட்டுக்காரரும் மாஸ்டரும் பழைய வண்டிகளைப் பற்றி ஆரம்பித்துவிட்டார்கள். அடுப்புக்கு மேலே புகை உறிஞ்சும் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது விசிறி இல்லை, ஒரு சுவர். அந்தச் சுவருக்கு அப்பால் வீட்டுக்கார அம்மாள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று முட்டையைத் திருப்பினாள்.

திடீரென்று மேசையில் பேச்சு அடங்கியது. அந்த அம்மாள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், தோளுக்கு மேல் பாதி திரும்பி. அவளிடம்தான். 'பொண்ணு' என்ற சொல் வந்தது. 'அந்த ரூம்' வந்தது. 'போன வருஷம்' வந்தது. மிச்சத்தை, தினமும் கவுண்டரில் செய்வதுபோல, அவளே போட்டு நிரப்பிக்கொண்டாள். அதற்குள் முகத்தில் சிரிப்பும் வந்துவிட்டது.

"ரொம்ப சந்தோஷம். எங்க பொண்ணுக்கும் போன வருஷந்தான் கல்யாணம் ஆச்சு. என்ன பண்றது, அனுப்பித்தானே ஆகணும்? போன எடத்துல நல்லா இருந்தா அதுவே போதும்" என்றாள்.

அம்மாளின் கை அப்படியே நின்றது. முட்டையின் ஓரம் கருகுவதை அவள் பார்த்தாள். வீட்டுக்காரர் எழுந்து போய் அடுப்பை அணைத்தார். மாஸ்டரின் முகத்தில் ரத்தமே இல்லை.

மாடியறைக் கதவைச் சாத்தியதும் அவர் சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். முதுகு ஆடிய ஆட்டத்தில் அவர் கத்துகிறார் என்று தெரிந்தது. கீழே கேட்கக் கூடாதே என்று அடக்கிக்கொண்டு கத்துகிறார்.

"இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க" என்றாள்.

அவர் திரும்பினார்.

"உங்க முதுகு பேசறது எனக்குக் கேக்கல. எதுவுமே கேக்கல. கீழ அவங்க என்ன சொன்னாங்க?"

அவர் கிட்டே வந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "இது அவங்க பொண்ணு ரூம். ஒரே பொண்ணு. போன வருஷம் செத்துப்போயிட்டா. வீடு வெறிச்சுனு கெடக்குதேன்னுதான் ஆளுங்களை வச்சுக்கறாங்களாம்."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். யாருடைய கட்டில் என்று உறைத்ததும் எழுந்து சுவரோரமாக நின்றுகொண்டாள். அங்கே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மருத்துவர், பொத்தான், தபால் நிலையத்துத் தாள், ரயிலில் போட்ட "ம்". அழவில்லை.

மாஸ்டர் உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். அந்தக் கைக்குப் பின்னால் ஏதோ சொன்னார்.

"என்ன சொன்னீங்க?"

கையை எடுத்தார். "ஒண்ணுமில்ல."

"அந்த வார்த்தைக்குத்தாங்க நான் பயந்தேன். எங்க அக்காவை நான் அந்த வார்த்தையாலதான் ஓரங்கட்டினேன்."

அவர் கண் கலங்கிவிட்டது. "எட்டு மாசமா நான் யார்கிட்டம்மா பேசிட்டிருந்தேன்னு கேட்டேன்."

அவள் சுவரைவிட்டு நகர்ந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தார். மாஸ்டருக்குச் சும்மா உட்கார்ந்து வருத்தப்படத் தெரியாது. "அந்த ஹோட்டல்ல எடம் இருக்கான்னு பாக்கறேன். மத்தியானத்துக்குள்ள மாறிடலாம். நீ கீழ வரவே வேணாம். உனக்குக் காது கேக்காதுன்னு நானே பக்குவமா எடுத்துச் சொல்லிடறேன். புரிஞ்சுக்குவாங்க."

இதைத்தானே அவள் கேட்டாள்? ஒன்பது மாடி, யாரும் பேசாத அறை. அவர் சொல்வதில் தப்பும் இல்லை. பிரியமாகத்தான் சொல்கிறார். ஆனால் அக்காவுக்காகவும் முதலில் எல்லாவற்றையும் மற்றவர்கள்தான் பிரியமாகப் பேசினார்கள். அவளுக்குக் கேக்காது, அவளை விட்டுடுங்க, நான் சொல்லிக்கறேன்.

"வைங்க அதை" என்றாள். "நானே போறேன்."

சமையலறையில் வீட்டுக்காரர் இல்லை. அம்மாள் தொட்டியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். சாப்பிட்ட தட்டுகள் மேசையிலேயே கிடந்தன. அவள் விசிறியை நிறுத்தினாள். சத்தம் நின்றதும் அம்மாள் திரும்பினாள்.

"அக்கா, எனக்குக் காது கேக்காது" என்றாள். வெளியாள் ஒருவரிடம் அதைச் சொல்வது இதுதான் முதல் தடவை. "பாதிக்கு மேல போயிடுச்சு. யார்கிட்டயும் சொல்லாம மறைச்சு வச்சிருந்தேன். காலைல நீங்க சொன்னது எனக்கு விழல. நானா ஒண்ண நெனச்சுக்கிட்டுப் பேசிட்டேன்."

அம்மாளின் முகத்தில் கோபம் போனதாகத் தெரியவில்லை.

"கேக்கலேன்னா என்னன்னு கேட்டிருக்கலாமே."

"கேட்டிருக்கணும். இப்பக் கேக்கறேன். இன்னொரு தடவை சொல்றீங்களா?"

அம்மாள் முடியாது என்பதுபோலத் தலையை அசைத்தாள். "அதைச் சத்தமாச் சொல்ல எனக்கு வராது."

"சத்தம் வேணாங்க்கா. என்னைப் பாத்துச் சொன்னாப் போதும்."

குழாயை மூட அம்மாளுக்கு இரண்டு தடவை திருக வேண்டியிருந்தது. ஒரு நாற்காலியை இழுத்து, எதிரே, முழங்கால் இடிக்கும் தூரத்தில் போட்டு உட்கார்ந்தாள். சோப்பு நுரை மணிக்கட்டிலிருந்து மெல்ல இறங்கி முழங்கை வரைக்கும் வந்தது. அதைத் துடைக்கவில்லை. உதடுகள் பிரிந்தன, மூடின, மறுபடி பிரிந்தன. அவள் முன்னால் சாய்ந்து அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.