ரெண்டு அஞ்சம்மாள்

வீரராகவன் ஒன்பதாவது தடவையாக அதே கட்டளையை அடித்தார். டெலிடைப் கடகடவென்று அதிர்ந்து, ஒன்பதாவது தடவையாக அதே பதிலைக் காகிதத்தில் துப்பியது: 'ரீட் ஒன்லி.' படிக்கலாம், தொடக்கூடாது.

"படிச்சுப் படிச்சுத்தான்டா கண்ணு பூத்துப்போச்சு" என்று அவர் மெஷினிடமே சொன்னார். கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் அந்தத் தொழிற்சாலைக்குக் கம்ப்யூட்டர் வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஐம்பது பேர் வேலையை ஒன்றே செய்யும் என்று முதலாளி பெருமையடித்துக்கொண்டார். அது செய்யாமல் அடம்பிடிக்கும் வேலையை மட்டும் வீரராகவன் ஒருத்தர் தலையில் கட்டியிருந்தார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே அஞ்சம்மாள் நின்றுகொண்டிருந்தாள். பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வந்து, பட்டறையில் இரும்புத் தூசி கூட்டுகிறவள். காலை எட்டு மணியிலிருந்து அதே இடத்தில் நிற்கிறாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, போகச் சொன்னால் போகவில்லை.

விஷயம் இதுதான். எழுபத்தெட்டாம் வருஷத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலை செய்த தினக்கூலிகளை நிரந்தரமாக்குவதாக நிர்வாகம் ஒப்புக்கொண்டிருந்தது. பட்டியல் அன்று மாலை நாலு மணி ஜீப்பில் மெட்ராஸ் தலைமை அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். அதில் பெயர் இல்லாதவர்களுக்கு ஜனவரியிலிருந்து வேலையே இல்லை. அஞ்சம்மாள் வேலை செய்தது இருநூற்று ஐம்பத்தேழு நாள். ஆனால் மெஷினுக்குள் அவள் இரண்டு பேராக இருந்தாள். கே. அஞ்சம்மாள் நூற்று முப்பத்தொரு நாள், ஏ. அஞ்சம்மாள் நூற்று இருபத்தாறு நாள். இரண்டு பேருமே தேறவில்லை.

இந்தக் கூத்துக்கு மெஷின் காரணமில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று கேட்டில் புருஷன் பெயரைக் கேட்டிருக்கிறார்கள். அஞ்சம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். புருஷன் பெயரை வாயால் சொல்வாளா? காவலாளி அலுத்துப்போய், தகப்பன் கலியன் பெயரில் 'கே' போட்டு அனுப்பிவிட்டான். ஜூலையில் கம்ப்யூட்டருக்காக எல்லாருக்கும் புது கார்டு எழுதியபோது, கூட வேலை செய்த குப்பம்மாள் பக்கத்தில் நின்று அவள் புருஷன் பெயரை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அன்றைக்குப் பிறந்தவள்தான் ஏ. அஞ்சம்மாள்.

இரண்டையும் சேர்க்க ஒரு வரி போதும். ஆனால் ஃபைல் பூட்டியிருந்தது. பூட்டியவள் சம்பூர்ணம், கம்ப்யூட்டர் படிப்பதற்கான கார்டுகளில் துளையிட்டுக் கணக்கு ஏற்றும் பெண். தலைப்பிரசவத்துக்கு ஊத்துக்கோட்டையிலுள்ள தாய்வீட்டுக்குப் போகும்போது, யாராவது வந்து நோண்டிவைப்பார்கள் என்று ஃபைலை 'ரீட் ஒன்லி' ஆக்கி, அதற்கு ஆறெழுத்தில் ஒரு ரகசியச் சொல்லும் வைத்துவிட்டுப் போயிருந்தாள். பொறுப்பான பெண்தான். அந்தப் பொறுப்பு இப்போது வீரராகவன் கழுத்தை நெரித்தது. மூன்று தடவை தப்பாக அடித்தால் ஃபைல் ஒரேயடியாக மூடிக்கொள்ளும். அப்புறம் கம்ப்யூட்டர் கம்பெனி இன்ஜினீயர் வந்துதான் திறக்க வேண்டும். அவர் வர ஒரு வாரமாகும். அந்த மூன்றில் ஒரு தடவையை வீரராகவனே காலையில் குருட்டாம்போக்கில் 'மெட்ராஸ்' என்று அடித்து வீணாக்கியிருந்தார்.

ஊத்துக்கோட்டையில் சம்பூர்ணத்தின் வீட்டுக்குப் பக்கத்து அரிசி மில்லில் போன் இருந்தது. ட்ரங்க் கால் பதிவு செய்து, இரண்டு மணி நேரம் காத்திருந்து, மில் கணக்கர் ஆளனுப்பி, சம்பூர்ணம் மூச்சுவாங்க வந்து சேர்ந்தபோது மணி இரண்டேகால்.

"சம்பூர்ணம், அந்த வார்த்தை இன்னாம்மா?"

அந்தப் பக்கம் வளையல்தான் குலுங்கியது.

"அம்மா, மூணு நிமிஷத்துல லைன் கட்டாயிடும்!"

"எப்டி சார் சொல்றது... அது எங்க ஊட்டுக்காரரு பேரு."

வீரராகவன் நெற்றியில் அடித்துக்கொண்டார். வாயால் சொல்லவே மாட்டோம், அதனால் யாருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டிருக்கிறாள். உலகத்தில் இதைவிடப் பத்திரமான பூட்டு கிடையாது!

"சரி, ஜாடையா சொல்லு."

"ஏழுமலையான் ஊரு சார்."

"திருப்பதியா?"

"அதுக்கு மேல ஏறணும் சார்."

"திருமலையா! எழுத்த சொல்லு, இங்கிலீஷ்ல எழுத்து எழுத்தா சொல்லு."

"இருங்க சார், அவரே என்னப் பாக்க வந்துகீறாரு, பக்கத்துலதான் நிக்கிறாரு. குடுக்கறேன்."

திருமலை போனை வாங்கினான். தன் பெயரைத்தான் பெண்டாட்டி பூட்டாகப் போட்டிருக்கிறாள் என்று தெரிந்த பூரிப்பு குரலிலேயே வழிந்தது. "எழுதிக்கங்க சார், மொத ஆறு எழுத்துதானாம். டி, ஹெச், ஐ, ஆர், யு, எம்."

வீரராகவன் போனைக் காதில் இடுக்கிக்கொண்டே அடித்தார். 'தவறு. இன்னும் ஒரு வாய்ப்பு' என்று மெஷின் ஆங்கிலத்தில் பல்லிளித்தது.

"யோவ், உன் பேரு உனக்கே தெரியாதா?" என்று கத்தினார்.

போனுக்குள் ஒரு சின்னச் சண்டை கேட்டது. பிறகு சம்பூர்ணத்தின் குரல். "சார், அவரு ஹெச் போடுவாரு. நான் போடமாட்டேன். டி, ஐ, ஆர், யு, எம், ஏ."

"நல்லா தெரியுமா?"

"நான் வெச்சது சார்!"

லைன் கட்டானது. வீரராகவன் ஒவ்வொரு எழுத்தாக, பாம்புப் புற்றில் விரல் வைப்பதுபோல் அடித்தார். மெஷின் யோசித்தது. பிறகு 'சரி' என்றது. அவருக்கு உட்காரக்கூடத் தோன்றவில்லை, உடனே ஃபைலை எழுதும்படி மாற்றினார். 'முடியாது' என்றது மெஷின். ஏன் முடியாதாம்? ஃபைலைத் திறந்தாலும் ஃபைல் இருக்கிற டிஸ்க்கும் 'ரீட் ஒன்லி'. மேலே பூட்டியிருந்தால் கீழே இருப்பதெல்லாம் தானாகவே பூட்டிக்கொள்ளுமாம். சம்பூர்ணம் வாசலையும் பூட்டி, அறையையும் பூட்டி, பெட்டியையும் பூட்டிவிட்டுப் போயிருந்தாள். டிஸ்க்குக்கு ஒரு கட்டளை, அதிலிருக்கும் பகுதிக்கு ஒரு கட்டளை, பிறகு ஃபைலுக்கு மறுபடி ஒரு கட்டளை. ஒருவழியாக 'எழுதலாம்' என்று மெஷின் இறங்கிவந்தபோது மணி மூன்றேகால்.

சேர்க்கும் வரியை அடிக்கப் போனார். "நில்லுங்க சார்" என்று ஒரு குரல் கேட்டது. தொழிலாளர் அதிகாரி ரங்கசாமி.

"இந்த ஃபேக்டரில நாலு அஞ்சம்மா இருக்காங்க. நீங்க பாட்டுக்கு ரெண்ட ஒண்ணாக்கிட்டு, நாளைக்கு வேற ஒருத்தி வந்து என் நாள எடுத்து இவளுக்குக் குடுத்துட்டாங்கன்னு நின்னா? கார்டுல புருஷன் பேரு இருக்கு. அந்த அம்மா அவங்க வாயால சொல்லட்டும். ஒத்துப்போச்சின்னா நான் கையெழுத்து போடறேன்."

"நான் பேர சொல்றேன், அந்தம்மா தலையாட்டட்டும்."

"நீங்க சொல்லி அந்தம்மா தலையாட்டினா அது ஒரு சாட்சியா?"

வீரராகவனுக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அந்த மனிதர் சொல்வதில் தப்பில்லை என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது. அஞ்சம்மாளுக்கு எழுதத் தெரியாது. பெயர் சொன்ன குப்பம்மாள் வேலையை விட்டுப்போய் மூன்று மாதம். வீரராகவன் கதவைத் திறந்து அஞ்சம்மாளை உள்ளே கூப்பிட்டார். ஏ.சி. குளிரில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

"உன் ஊட்டுக்காரன் பேரு இன்னா?"

அஞ்சம்மாள் தரையைப் பார்த்தாள்.

"யம்மா, காலைலேர்ந்து என் உயிரு போய் உயிரு வருது. ஒரு பேரு! ஒரே ஒரு பேரு! அந்த ஆளு எங்க? இங்க வரச் சொல்லு."

"இங்க இல்ல சார். சூளூர்ப்பேட்டைல இன்னொருத்திய வெச்சிக்கினு கீறாரு. மூணு வருசமாச்சி."

வீரராகவனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "உட்டுட்டு ஓடினவனுக்கா இந்த மரியாதை? உனக்கு வேலை போவுதும்மா!"

"மரியாதையெல்லாம் இல்ல சார்." அவள் குரல் தணிந்தது. "அவரு இன்னும் ஏரில படகு எறக்கற ஆளுதான். பேர சொன்னா ஆயுசு கொறையும்ன்றாங்க. நான் இன்னிக்கு சொல்லி, நாளைக்கு அவருக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சின்னா, நாந்தான் முழுங்கிட்டேன்னு ஊரு சொல்லும். ஊர உடுங்க. எனக்கே அப்டித்தான் தோணும்."

ரங்கசாமி கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே ஜீப்பைக் கிளப்பும் சத்தம் கேட்டது. வீரராகவனுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது என்றுதான் தெரியவில்லை.

"ரெண்டு பொண்ணுங்க சார் எனக்கு" என்றாள் அஞ்சம்மாள், யாரோ கேள்வி கேட்டதுபோல. பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "அப்பாவு."

அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். ரங்கசாமி கார்டைப் பார்த்துத் தலையசைத்து, கையெழுத்துப் போட்டார். அஞ்சம்மாள் கண்ணைத் திறக்கவில்லை. முகம் வெளிறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து மனதுக்குள் அவளைத் திட்டிக்கொண்டிருந்த வீரராகவனுக்கு வெட்கமாக இருந்தது.

சேர்க்கும் வரியை அடித்தார். எந்தப் பெயரில் வைப்பது என்று மெஷின் கேட்டது. அவர் அவளைக் கேட்டார்.

"எங்க நைனா பேருல வெச்சிடுங்க சார்."

கே. அஞ்சம்மாள், இருநூற்று ஐம்பத்தேழு நாள். பட்டியல் அச்சாகி வந்தது. ரங்கசாமி அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு ஜீப்பை நோக்கி ஓடினார்.

"முடிஞ்சிதும்மா, உனக்கு வேலை நிரந்தரம். ஊட்டுக்குப் போ" என்றார் வீரராகவன்.

அவள் போகவில்லை. "அந்த இன்னொரு பேரு சார்? அது இன்னா ஆச்சி?"

"அதுவா? அழிச்சாச்சு."

"அழிச்சிட்டீங்களா?" அஞ்சம்மாள் கத்தியேவிட்டாள். கை இரண்டும் மார்புக்குப் போயின. "ஐயோ, நான் வாய தொறந்த அன்னிக்கேவா? அழிக்காதீங்க சார். எங்கனா ஒரு ஓரமா இருக்கட்டும் சார் அது. உங்க கால்ல உழறேன்."

வீரராகவன் திரும்பவும் டெலிடைப் முன் உட்கார்ந்தார். அவளுடைய வரியில் கணவர் பெயர் என்ற இடம் காலியாகக் கிடந்தது. அப்பாவு என்று அதில் அடித்து, மெஷின் ஏற்றுக்கொள்ளும்வரை காத்திருந்து, "இருக்கும்மா, பத்திரமா இருக்கு" என்றார்.