தம்பியின் ஸ்கேன் படம்

நோய் விசாரிக்கப் போகிற ஆளே பெரிய நோயாளியாக இருந்தது எம்.ரெட்டியபட்டியில் அதுதான் முதல் தடவை. இரண்டு கிட்னியும் போய், மிஷினில் ரத்தம் சுத்திகரித்துக் காலம் தள்ளிய காளீஸ்வரன், ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாகத் தம்பி மாரிசெல்வத்தைப் பார்க்கப் போனான்.

குலதெய்வக் கோயிலில், பங்காளிகள் அத்தனை பேர் முன்னாலும், "என் கிட்னி அண்ணனுக்கு" என்று திருநீறு எடுத்துச் சத்தியம் செய்தவன் தம்பி. மதுரையில் ஸ்கேன் எடுத்துவிட்டுச் செத்த முகத்தோடு வந்தான். கிட்னியில் கட்டி, கொடுக்கக் கூடாதாம். படத்தை வெயிலில் தூக்கிப் பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது: கிட்னி ஓரத்தில் நாவல்பழம் மாதிரி ஒரு கருப்பு. கருப்பென்றால் அழுகல்தானே. பெண்கள் அழுதேவிட்டார்கள்.

"படத்தைக் குடுலே. எங்க டாக்டரம்மாட்ட உனக்கு ஒரு வழி கேட்டுட்டு வாரேன்" என்றான் காளீஸ்வரன்.

"எதுக்குண்ணே? மதுரையிலயே பாத்தாச்சுல்ல."

பிடுங்காத குறையாக வாங்கிப் போனான்.

அருப்புக்கோட்டையில் அவனுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதுக்கா பயந்தீங்க? வெறும் நீர்க்கட்டி. உள்ள தண்ணி, அதான் ஒரே சீரா கருப்பு. ஓரம் பாருங்க, கோடு போட்ட மாதிரி மெல்லிசு. கெட்ட கட்டின்னா ஸ்கேன்ல ஊசி வழியா மருந்து ஏத்தினதும் நிறம் மாறும். இது மாறவே இல்ல."

"அப்ப கிட்னி குடுக்கலாமாம்மா?"

"இதனால ஒரு தடையும் இல்ல. மதுரையில சொல்லியிருப்பாங்களே?"

பஸ்ஸில் வரும்போது காளீஸ்வரன் தம்பிக்காகத் தனக்குள் வாதாடினான். பயத்தில் காதில் ஏறியிருக்காது. படிக்காத பயல்.

மாரிசெல்வம் கோழிக்குழம்பு சோற்றில் இருந்தான்.

"ஏலே, அது தண்ணியாம்லே! உனக்கு ஒண்ணுமில்ல."

தம்பி நிமிரவில்லை. பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்தான்.

"தெரியும்ண்ணே."

அவன் பெண்டாட்டி முருகலட்சுமி அடுப்படியிலிருந்து வந்தாள். "ரெண்டு பிள்ளைக இருக்கு மாமா. இவுக பயந்துட்டாக."

"பயமா இருக்குன்னு எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானலே? வேண்டாம்னுருப்பேன்."

"சாமி முன்னால சொன்னத எப்பிடி இல்லைங்கிறது? ஊரு காறித் துப்பாதா?" தம்பிக்குக் கோபம் வந்தது. "கட்டின்னா ஒருத்தனும் கேள்வி கேக்க மாட்டான்." பிறகு குரலை இறக்கினான். "பங்காளிககிட்ட சொல்லிராதண்ணே."

காளீஸ்வரன் வெளியே வந்தான். தெருவில் பெரியப்பா மகன் தனுஷ்கோடி வண்டியை நிறுத்தி, "தம்பி எப்பிடி இருக்கான்?" என்று விசாரித்தான்.

"அவனுக்கு ஒரு கேடுமில்ல" என்றான் காளீஸ்வரன், உள்ளே சாப்பிடுகிறவனுக்கும் கேட்கும்படி. "எனக்குக் குடுக்கத்தான் மனசில்ல."